ஆக்னஸ் காதில் விழுந்த இங்கிலீஷ்

காலை ஆறு மணிக்குப் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் குடியாத்தத்தில் கோடை வெயில் கொளுத்த, இங்கே பல் தந்தியடித்தது. நான் தங்கப்போகும் நீலசந்திராவுக்கு மூன்று மைல். ஜட்காக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கிவந்தார். வழியில் பேச்சுக்கொடுத்தவரிடம் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இங்கிலீஷ் பரீச்சையா? நம்ம குதிரைக்கே இங்கிலீஷ் தெரியும் சாமி" என்றார். 'ஸ்டாப்' என்றதும் அது நின்றது.

நான் பள்ளி வாத்தியார். மறுநாள் டிக்டேஷன் பரீட்சை. இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று. இதிலும் தவறினால் வேலை போய்விடும். ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள்தான் என் சத்துரு. 'ஃப்ளவர்' பூவா, மாவா என்று யோசிப்பதற்குள் அடுத்த வரி ஓடிவிடும்.

என் சித்தி மகள் ஆக்னஸ் வீட்டில் தங்கினேன். சுதந்திரம் வந்த பிறகும் சீமைக்குத் திரும்பாத ஒரு துரையின் பங்களாவில் அவளுக்குச் சமையல் வேலை. எழுத்து வாசனையே கிடையாது. மாலை ஐந்து மணிக்கு அவளிடம் என் பட்டியலைப் படித்துப் புலம்பினேன்.

"ரெண்டும் ஒரே சத்தமா? இத்தினி வருசமா எனக்குத் தோணவே இல்லியேண்ணா!"

"துரைசானி 'ஃப்ளவர்'னு ஆரம்பிச்சா எதை எடுப்பே?"

"அவங்க சொல்லி முடிக்காங்காட்டியும் கையை ஆட்டவே மாட்டேன். பங்களா வேலையில அதான் மொத பழக்கம். முழுசா கேட்டா எது வேணும்னு தானா வெளங்கிடும்."

நான் பத்து வருஷமாக வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்த மொழிக்குள் இவள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள்!

மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை. ஒரு வாரமாகப் பலவீனமாயிருந்த மகன் வெயிலில் உட்கார்ந்தான் என்று ஒரு வாக்கியம். வாரமும் பலவீனமும் 'வீக்'. மகனும் சூரியனும் 'ஸன்'. உடனே எழுத விரல் பரபரத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாசிப்பவர் முடிக்கும்வரை கேட்டேன். பிறகு ஒரே மூச்சில் எழுதினேன்.

மூன்று மணிக்குப் பலகையில் தேறியவர் வரிசையில் என் எண் இருந்தது. நேரே பங்களாவின் பின்வாசலுக்கு ஓடினேன். ஆக்னஸ் வெளியே வந்தாள்.

"பாஸா?"

தலையாட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ண்ணா. நம்ம குடும்பத்திலயே இங்கிலீஷ் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதானே!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து துரைசானி ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆக்னஸ் கடைசிவரை நின்று கேட்டாள்; "யெஸ், மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.