முதலாளி மென்ற மாமன் வெற்றிலை

ஹந்தானைக் காட்டுக்குள் கார் ரேஸ் ஓடப்போகிறது என்ற செய்தியை என் வீட்டுக்காரர் கொண்டுவந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் சோற்றுக்கு ருசி இல்லாமல் போய்விட்டது. அவர் கண்டி டவுனில் மோட்டார் சாமான் விற்கும் கடையொன்றில் கவுன்டரில் நின்றவர். ஞாயிறு லீவு. அந்த ஒரு ஞாயிறைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினார். எல்லாக் காரும் சேர்ந்து ஓடாதாம். ஒன்று போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது வருமாம். காட்டைக் குறைந்த நேரத்தில் கடந்தவர் வென்றவராம்.

"அப்ப யாரை யாரு முந்துறது?" என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

பைனஸ் மரக் காடு முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய முடக்கு இருக்கிறது. ரோட்டு அந்த இடத்தில் சட்டென்று மடங்கிக் கீழே இறங்கும். முடக்குக்கு நேர் மேலே தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயம். அதில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு, என் வீட்டுக்காரரின் தங்கச்சியுடையது. அவள் வீட்டு இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், நின்றால் கார் காட்டுக்குள்ளிருந்து வெளிப்படுவதும் திரும்புவதும் இறங்குவதும் எல்லாம் காலடியில் தெரியும். இதை அவர் கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். முதலாளி பிடித்துக்கொண்டார். "அப்ப தம்பி, ஒன் தங்கச்சி வீடுதான் நமக்கு பெல்கனி" என்றாராம். அக்குறணையிலிருந்து சோற்றுப் பார்சல், பிலிமத்தலாவையிலிருந்து தெரிந்தவருடைய வேன், முதலாளியின் கூட்டாளிகள் என்று ஆள் கூடிக்கொண்டே போனது. அந்தக் காம்பராவில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்கவேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை.

தங்கச்சிக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லாத காலம் அது. அவள் மூத்த மகனுக்குக் காது குத்தியபோது மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். இவர் கடையில் சாமான் எண்ணுகிற நாள் என்று பிந்திப் போனார். அதற்குள் வேறு யாரோ ஒருவர் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் புருசன் வீட்டார் இவருக்கு வைத்த பெயர் 'கடை மாமன்'. அவள் என்ன பேசினாலும், "ஒங்கண்ணன் கடைக்குத்தானே மாமன்" என்று மாமியார் வாயை அடைத்துவிடுவாளாம். இப்போது அவள் மகள் பெரிய மனுஷியாகியிருந்தாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவேண்டும். மாமன் பெண்டாட்டி என்ற முறையில் முதல் தண்ணீரை நான் ஊற்றவேண்டும். இந்த முறையும் இவர் தவறினால் அவளுக்கு அந்த லயத்தில் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்கப் போகவும் முடியாது.

பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டிக் குறித்துக் கொடுத்த ஞாயிறும் ரேஸ் ஓடுகிற ஞாயிறும் ஒன்றாகப் போய்விட்டன.

இவருக்குப் பெரிய சந்தோசம். ஒரே வேனில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்றார். சீரை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே நின்று காரையும் பார்த்துவிடலாமாம். "சீர்த் தட்டும் சோத்துப் பார்சலும் ஒரே சீட்டுலயா?" என்றேன். எனக்கு எதையும் கோணலாகவே பார்க்கத் தெரியும் என்று பதில் வந்தது.

சடங்குக்கு அழைக்கத் தங்கச்சியும் அவள் புருசனும் வந்த அன்று பொழுது சாயும் நேரம். எங்கள் மேல்மாடி அறையில் ரேஸுக்குத் திட்டம் போட முதலாளி வந்திருந்தார். எங்கள் வீட்டில் கைப்பிடி உடையாத கதிரை ஒன்றுதான், அதில் அவர். மேசையில் கார்ட்போட் பெட்டி மூடி ஒன்றைக் கவிழ்த்து அதில் ரோட்டு வரைந்து வைத்திருந்தார்கள். காடு, முடக்கு, லயம், வேன் நிறுத்தும் இடம், சோறு வைக்கும் இடம். தங்கச்சியின் காம்பராவுக்கு ஒரு சின்னச் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி.

அவள் கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மலையிலிருந்து நடந்து இறங்கியதில் கரையெல்லாம் செம்மண். கையில் வெற்றிலைத் தட்டு. எங்கள் பக்கத்தில் இது சாதாரணத் தட்டில்லை. மாமனும் மாமன் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று இரண்டு கையாலும் வாங்கவேண்டும். வாங்கினால்தான் அழைப்பு. நான் அடுப்பை விட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தேன். இவர் பேனாவும் கையுமாய் இருந்தார். "வா, வா, அங்க வையி, இந்தா முடிஞ்சிரும்" என்று மேசையைக் காட்டினார். அவள் வைக்கவில்லை. நின்றாள்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பெண் தட்டோடு நிற்கிறாள், இருப்பவர்களுக்கு வெற்றிலை நீட்டுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா" என்று கையை நீட்டி மேலே இருந்த வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார், பாக்கை வைத்து மடித்தார், வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே கேட்டார், அவள் வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்கலாம், சுடுதண்ணீர் போட வசதி இருக்கிறதா, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று.

மாமன் எடுக்கவேண்டிய முதல் வெற்றிலை முதலாளி வாயில் சிவந்துகொண்டிருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் படியளக்கிற முதலாளியைப் பார்த்துத் துப்புங்கள் என்று எப்படிச் சொல்வது?

தங்கச்சி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப சரிண்ணே. ஒங்க முதலாளியவே மாமனா கூட்டிட்டு வாங்க. அவருதான் வெத்தல எடுத்திட்டாரு."

"இல்லம்மா, நான் சும்மா..." என்று முதலாளி தொடங்கினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் புருசன் அதுவரை வாசலில் நின்றவன், மேசைக்குக் கிட்ட வந்து பெட்டி மூடியைப் பார்த்தான். தங்கள் ரோட்டைச் செய்து தரச் சொல்லி எத்தனை வருசம் கேட்டார்கள், முடியாதவர்களைக் கதிரையில் வைத்துக் கீழே தூக்கிப்போகிறார்களே, அதற்கு வராத மெசின் இப்போது கார் ஓட வந்து ரோட்டை வழித்துவிட்டுப் போயிருக்கிறது என்றான். ரேஸ் அன்றைக்குப் பிள்ளையையும் நாயையும் ஆட்டையும் உள்ளே கட்டிப்போடச் சொல்லி தோட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். கடைசியில் அந்தப் பெருக்கல் குறியில் விரலை வைத்து, "இது எங்க வீடுங்க, அய்யா" என்றான். இருவரும் இறங்கிப்போனார்கள். தட்டு அவர்களோடு போனது.

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஒரு வெற்றிலைக்கா இத்தனை என்றார். தெரியாமல் எடுத்ததற்கு மன்னிப்புக்கூட அவர் கேட்கத் தயார்தானாம், ஆனால் தோட்டத்து ஆட்கள் முகத்துக்கு நேரே பேசியதை ஜீரணிக்க முடியவில்லையாம். போகும்போது இவரிடம், இடத்தைச் சரிக்கட்டித் தருவது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். இவர் என்னிடம் பேசினால் சண்டை, பேசாவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. அழைப்பே இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்பார். மறுநிமிசமே, ஒரு முடக்கைக் காட்ட ஆசைப்பட்டது குற்றமா என்பார். நான் ஒருநாள் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து லயத்துக்கு ஏறிப்போனேன். தங்கச்சி என்னை இஸ்தோப்பிலேயே உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். வெறும் தேத்தண்ணி, நக்கிக் குடிக்கக் கையில் சீனிகூடத் தரவில்லை.

"அண்ணி, நேரத்த மாத்திட்டோம். காரு ஓடுற நேரத்துலதான் தண்ணி ஊத்துறது. பூசாரி அதுவும் நல்ல நேரந்தான்னு சொல்லிட்டாரு. காரு பாக்குறவங்க காரு பாக்கட்டும். மாமன் வந்தா வீட்டுக்குள்ள, தட்டுக்குப் பக்கத்துல நிக்கணும்."

"அப்ப வரச் சொல்றியா, வேணாங்குறியா?"

"வராட்டி என்னா நடக்கும்னு அவருக்குத் தெரியும்" என்றாள். உள்ளேயிருந்து மாமியார் இருமினாள். அது இருமல் மாதிரியே இல்லை.

ஞாயிறு காலை வேன் கீழே வந்து நின்றது. முதலாளி முன் சீட்டில். எங்களை லயத்தில் இறக்கிவிட்டு முதலாளி ஆட்கள் காட்டுக்குக் கீழே வேறு இடம் பார்ப்பதாக இவர் பேசிவைத்திருந்தார். நான் சீர்த் தட்டோடு இறங்கினேன். பட்டுச்சேலை, வளையல், மஞ்சள், தேங்காய், வாழைச்சீப்பு. வேனின் பின்பக்கம் தறப்பாள், வாளி, பாய், சோற்றுப் பார்சல் என்று மூச்சுவிட இடமில்லை. டிரைவர் தட்டைப் பார்த்தான், பார்சல் மூட்டையைப் பார்த்தான், அப்புறம் மூட்டைக்கு அடியில் கால்மாட்டில் ஒரு இடுக்கைக் காட்டினான். மிதியடி கிடந்த இடம்.

இவர் அந்த இடுக்கைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க மொதலாளி, நாங்க பஸ்ஸுல வாறோம்" என்றார்.

முதலாளி கண்ணாடியை இறக்கினார். "திங்கக்கெழம கடைக்காவது வருவியா, இல்ல அதுக்கும் நான் வெத்தல வைக்கணுமா?"

வேன் போய்விட்டது. பஸ் இறங்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினோம். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால், குடை மடக்கி நான் பின்னால். முடக்குக்கு வந்து சேர்ந்தபோது விசிலும் சிவப்புக் கொடியுமாக ஒருவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடந்தால் லயத்துப் படி. பத்து எட்டு வைத்தால் போதும். கொடிக்காரர் கையை விரித்துவிட்டார். கடைசிக் கார் போகும்வரை கோழிகூடக் கடக்க முடியாது என்றார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டிக் கெஞ்சினேன். "பே" என்றார், முடியாது. திட்டினேன். அதற்கும் "பே" என்றார்.

மேலே லயமே கூடிவிட்டது. "கடை மாமன் வந்திட்டாரு, ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று யாரோ சத்தம் போட, சிரிப்பு கிளம்பியது. அதற்குள் காட்டுக்குள்ளே ஓர் உறுமல். முதல் கார் வெளிப்பட்டது, சரிந்தது, திரும்பியது, போனது. புழுதி சுவர்போல எழும்பி எங்கள்மேல் விழுந்தது. எந்த முடக்கைப் பார்க்க ஒரு வாரம் திட்டம் போட்டாரோ, அந்த முடக்கிலேயே, கையெட்டும் தூரத்தில், தலையில் சீரோடு அசையமுடியாமல் நின்றார். நான் குடையை விரித்துத் தட்டுக்குப் பிடித்தேன், அவருக்கு இல்லை. மூன்றாவதோ நாலாவதோ கார் போகும்போது, "கிளட்ச் போகப் போகுது" என்று முணுமுணுத்தார். வாயை மூடச் சொன்னேன். மூடினார். பல்லெல்லாம் மண்.

கார்களுக்கு நடுவே சத்தம் அடங்கும்போதெல்லாம் மேலே பேசுவது கேட்டது. நேரம் போகிறது, இருக்கிற யாராவது ஊற்றிவிடுங்கள் என்று மாமியார் குரல். மஞ்சள் தண்ணீர்க் குடம் வாசலில் இருந்தது. தங்கச்சி மகள் பலகையில் குந்தியிருந்தாள், தலையைக் குனிந்தபடி. தங்கச்சி குடத்தின்மேல் தட்டைப் போட்டு மூடிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மாமன் கண்ணு முன்னால நிக்கிறாரு. காருதான் வழிய மறிக்குது. ரோட்டுக்கு இத்தன வருசம் காத்துக் கெடந்தோம்ல? இன்னங் கொஞ்ச நேரம் கெடந்தா யாரும் செத்துப் போகமாட்டோம்."

அதை அவள் எங்களுக்காகச் சொல்லவில்லை. மாமியாருக்குச் சொன்னாள். ஆனாலும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும். தலையிலிருந்த தட்டை ஒருமுறை நேராக்கிக்கொண்டார்.

கடைசிக் கார் போய்க் கயிறு அவிழ்ந்ததும் படியேறினோம். மெசின் வழித்துப்போட்ட ரோட்டு முழுக்க உழுத வயலாய்க் கிடந்தது. தங்கச்சி தட்டை அவரிடமிருந்து வாங்கவில்லை. என்னிடம் மாற்றச் சொல்லி, என் கையிலிருந்து வாங்கினாள். பட்டுச்சேலையை உதறியபோது புழுதி பறந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன், பிள்ளை அழுதாள், குலவை போட்டார்கள். இவர் தட்டுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள், சொன்ன இடத்தில் நின்றார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை சுற்றி வந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியாகத்தான் அண்ணனிடம் வந்தாள். தட்டை நீட்டவில்லை. தானே மடித்து வைத்திருந்த ஒன்றைக் கையில் கொண்டுவந்தாள்.

"இந்தாங்க. இதையாவது நீங்களே தின்னுங்க."

இரண்டு கையையும் நீட்டி வாங்கி, வாயில் போட்டார். நாலு மெல்லு மென்றதும் கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கோத்துக்கொண்டது. சுண்ணாம்பை அவள் அள்ளி வைத்திருக்கிறாள். வாய் வெந்துபோயிருக்கும். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அவர் துப்பவில்லை.