ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி

எங்கள் நோட்டீஸில் முதல் கோரிக்கை வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. எழுதியவள் நான். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, குடும்பம் என்று ஒன்று உண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்று எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். இன்று நினைத்தாலும் வாய் கசக்கிறது.

அறுபதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியில் அப்போது முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். ஆண்கள் மின்சார ரயிலேறிப் பட்டணத்து ஆபீசுகளுக்குப் போகிறவர்கள். பெண்களில் என்னைப் போல் சில டீச்சர்கள். பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து பெண்கள் நடந்து வருவார்கள். வருஷம் முழுக்க வருவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் நாலாம் நாள் வேறொருத்தியைத் தேடிக்கொள்வோம். இது அநியாயம் என்று சர்ச் மாதர் சங்கத்தில் நான்தான் பேச்செடுத்தேன். ஏழு பேர் சேர்ந்தோம். வீடு வீடாகப் போய் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குவது என்று முடிவாயிற்று.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில். ஒருவர் இரண்டு மணிக்கு வைக்கலாம் என்றார். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர வேண்டாமா? நான்தான் நான்கு மணி என்றேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா மாடம்பாக்கத்திலிருந்து வருகிறவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை நீ என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் டீச்சரம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள், பதினேழு வயது, இருமலில் ரத்தம் வந்து காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க விடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான்கிலிருந்து ஐந்து வரை. ஞாயிறு மதியம் எங்கள் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, எங்கள் அடுப்பிலேயே ஒரு முட்டையை அவித்து, முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று மணிக்குக் கிளம்புவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் அவரிடம் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருந்து டீ போட்டுக் கொடுத்துட்டுப் போ. உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டமே."

"பொண்ணு பாத்துகினு இருக்குமேம்மா."

"அடுத்த வாரம் போய்க்கலாம்."

அடுத்த வாரமும் கூட்டம் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. காலனியில் பாதிப்பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இந்த நேரத்தில் விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. ஹாலில் நாங்கள் உரிமை, நியாயம் என்று பேசிக்கொண்டிருப்போம். அவர் தட்டில் கோப்பைகளோடு சமையலறை வாசலில் நிற்பார். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை மற்றவர்கள் பார்க்கட்டும் என்று, "இதைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?" என்று அவரிடமே கேட்டேன்.

"மணி இன்னாம்மா ஆவுது?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் கணவர் மட்டும் அன்று அவர்கள் போனபிறகு, "லீவு கேக்கற கூட்டத்துக்கு லீவு இல்லாம ஒரு ஆள் டீ போடுது, ரொம்ப நல்லாருக்கு" என்றார். நீங்கள் பேப்பரைப் படியுங்கள் என்று எரிந்து விழுந்தேன். மனுஷன் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நான்காவது ஞாயிறு கூட்டம் முடிந்து சமையலறைக்குப் போனேன். மணி ஐந்தரை. அவித்த முட்டை ஒரு டம்ளருக்குள் அப்படியே இருந்தது. அவர் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் நேராக மாடம்பாக்கம் சாலையில் நடந்தார். அப்போதாவது கூப்பிட்டு, இனிமேல் ஞாயிறு கூட்டம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் கையெழுத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மகள் இறந்துபோனாள்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண் வந்து சொன்னாள். "நாலு வாரமா ஞாயித்துக்கெயமன்னா வாசப்பக்கமே பாத்துகினு இருந்துச்சாம், டீச்சரம்மா." குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சொன்னதை அப்படியே சொன்னாள்.

அடக்கத்துக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "வெயில்லயாம்மா நடந்து வந்தே?" என்று கேட்டு, யாரிடமோ எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கோரிக்கை ஜெயித்தது. இரண்டு மாதத்தில் காலனியில் முக்கால்வாசி வீடுகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டன. மாதர் சங்கத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நின்றேன். வேறென்ன செய்வது?

முதல் விடுமுறை ஞாயிறு வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவர் நின்றிருந்தார்.

"இன்னிக்கு லீவாச்சே," என்றேன்.

"தெரியும்மா. வூட்ல குந்திகினு இருந்தா மூணு மணிக்கு காலு தானா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புது. பாத்திரம் எதுனா இருந்தா குடு."

பாத்திரம் ஒன்றும் இல்லை. அவருக்கு விடுமுறை என்று எல்லாவற்றையும் நானே தேய்த்துக் கவிழ்த்திருந்தேன். உள்ளே போய் அந்தச் சுத்தமான பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்து கிணற்றடியில் போட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, ஐந்து மணி வரை தேய்த்தார்.