யாருக்கும் காய்ச்சல் காட்டாத மெஷின்

கஹவத்தையிலிருந்து மேலே ஏறுகிற பஸ் மூச்சு வாங்கி நிற்கும் கடைசி இடம் அஸீஸ் நானாவின் கடை. அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம். லயத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கதவு போட்ட பிள்ளைக்காம்பரா. தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே ஆட்சி கலைச்செல்வியுடையது. பிள்ளைகளுக்கு அவள் ‘காம்பரா அக்கா’. தாய்மாருக்கும் அப்படியே. தோட்டத்துத் துரைகூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதை இருமி மறைத்தார்.

ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடம் அவளைக் கைவிட்டது. அவளும் கணக்கைக் கைவிட்டு குவைத்துக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகள் பெற்ற தாயை விட்டு இவளிடம் ஒட்டிக்கொள்ள, அந்தத் தாயே டிக்கெட் எடுத்து இவளைத் திருப்பி அனுப்பினாள். வந்து இறங்கிய கையோடு காம்பரா வேலை கிடைத்தது. அடுத்த மழையில் காம்பராக் கூரை ஒழுகியது. அவள் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. பிள்ளைகளையும் பாய்களையும் அள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் வரிசையாகத் தூங்கப் போட்டாள். துரை உள்ளே போக, எந்தக் காலையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போகவேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் புதுத் தகரம் வந்தது.

அப்பேர்ப்பட்டவளும் காலையில் மட்டும் தோற்றாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காம்பராவில் எடுக்கக்கூடாது என்பது சட்டம். எடுக்காவிட்டால் தாய் வீட்டில் நிற்க வேண்டும். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், அவள் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான் தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். ஆகவே ஒவ்வொரு விடியலிலும் பச்சைக் கதவடியில் ஒரு வழக்கு நடக்கும்.

“சூடா இருக்கானே தவமணி.”

“ஒங்க கை குளிருதுக்கா. தண்ணியில கைய வச்சிட்டு வந்து புள்ளையத் தொட்டா சூடாத்தான் தெரியும்.”

“கழுத்தும் சுடுதேடி.”

“அது அவங்கப்பன் மாதிரி. கோவக்கார ஒடம்பு.”

பேர் போன தாய் மூன்று நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கலைச்செல்விக்கு அது வெளியே தெரியாமல் வலித்தது. தன் கையை யாரும் நம்பவில்லை, மெஷின் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தாள். போனில் ஒரு சிங்களப் பையன் லைவ் போட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தான். நெற்றிக்கு நேரே பிடித்தால் காய்ச்சல் காட்டும் வெள்ளை மெஷின் ஒன்றை ஆட்டி ஆட்டிக் காட்டினான். பெட்டியில் ஜப்பான் கம்பெனிப் பெயர். ஓடர் போட்டாள். லயத்துக்கு நம்பரும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. அதனால் தோட்டத்தார் வாங்குகிற எல்லாம் போல அதுவும் அஸீஸ் நானா கடைக்கே வந்து இறங்கியது.

முதல் நாள் பிள்ளைகள் அதைத் துவக்கு என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. மெஷின் ஒவ்வொரு நெற்றியிலும் கீச்சென்று கத்தி, முப்பத்தாறு புள்ளி ஆறு என்றது.

“பாத்தீங்களாக்கா? நாங்க சொன்னா பொய்யி. இப்ப மெஷினே சொல்லுது” என்றாள் தவமணி.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரவில்லை. இரத்தினபுரி மழை இரவும் பகலும் ஊற்றியது. மூக்குகள் ஒழுகின. இருமல் லயத்துக்கு லயம் தாவியது. மெஷினுக்கு மட்டும் எல்லோரும் சுகம். முப்பத்தாறு ஐந்து, முப்பத்தாறு ஆறு, ரொம்பப் போனால் ஏழு. ஒரு தாயாவது சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் பேர் விழுந்துகொண்டிருந்தது. பேர் விழுகிற வீட்டில் யார் போய் மெஷினைக் குறை சொல்வது? கலைச்செல்வியும் சொல்லவில்லை. கதவடியில் வழக்கில்லாத காலை எவ்வளவு இனிமையானது என்று அவளும் கண்டுகொண்டிருந்தாள்.

சுமித்ரா வாயில்லாப் பூச்சி. ஒரு நாள் காலை அவள்தான் தானாகவே சொன்னாள்: “அக்கா, கவிஷுக்கு ஒடம்பு கொஞ்சம் சுடுற மாதிரி இருக்குங்க. நான் நின்னுரவா?”

கலைச்செல்வி மெஷினைப் பிடித்தாள். கீச்.

“முப்பத்தாறு ஆறு. ஒண்ணுமில்ல. நீ போ, நான் பாத்துக்கிறேன்.”

தாய்மார் பால் கொடுக்க வருகிற நேரத்துக்கு முன்னாலேயே கவிஷின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கலைச்செல்வி குறுக்குப் பாதையில் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு தேயிலைக்குள் போனது. அஸீஸ் நானா பாதி நிறுத்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு வேனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் இருந்ததும் அதே வெள்ளை மெஷின், அதே கம்பெனிப் பெயர். ஆனால் அது முப்பத்தொன்பதைத் தாண்டிச் சிவப்பாக எரிந்தது. கலைச்செல்வி பைக்குள் கைவிட்டுத் தன் மெஷினை எடுத்து, அதே நெற்றிக்கு நேரே பிடித்தாள். கீச். முப்பத்தாறு ஆறு.

நர்ஸ் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “பொரு எகக் அக்கே” என்றாள். போலி.

கவிஷ் பிழைத்துக்கொண்டான். வார்டில் அவனுக்குப் பக்கத்தில் சுமித்ரா அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் கலைச்செல்வி தாங்கியிருப்பாள்.

அன்றே அந்தப் பையனுக்குக் கோல் எடுத்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“பெட்டரி மாத்திப் பாருங்க அக்கே” என்றான் அவன்.

“மாத்தியாச்சு மல்லி” என்றாள், தம்பி என்பதற்கான சிங்களச் சொல்லில்.

“அப்போ பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் இருந்திருக்காது. ஆஸ்பத்திரி மெஷின் பழசாயிருக்கும்.”

“எனக்குக் காசு வேணாம் மல்லி. இது பொய்ச்சாமான்னு நீ வாயால சொன்னாப் போதும்.”

அவன் சிரித்துவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு அவள் நம்பருக்கு அந்தப் போன் செத்துப்போனது.

அவள் மெஷினை அலுமாரியில் வைத்துப் பூட்டி, மறுபடி கையால் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு பேருக்குப் பேர் போனது. மூன்றாம் நாள் கதவடியில் கூட்டம்.

“மெஷின எடுங்கக்கா” என்றாள் தவமணி.

“அது பொய்யிடி. இங்க பாரு.” கலைச்செல்வி மெஷினை எடுத்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலுக்கு நேரே பிடித்தாள். முப்பத்தாறு ஐந்து.

“கேத்தலுக்கு ஆத்தா அப்பன் இருக்கா? மனுசனுக்குன்னு செஞ்ச சாமானக் கேத்தலுக்குக் காட்டினா அதுக்கு என்னா தெரியும்?”

“ஆஸ்பத்திரி மிஸ்ஸே சொன்னாங்க.”

“அவங்களுக்கு மாசச் சம்பளம். பேர் போற கவல அவங்களுக்கு எங்க தெரியப் போகுது? கவிஷுக்கு வந்தது வலிப்பு. வலிப்பு வேற, காய்ச்சல் வேற.” தவமணி பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். “மெஷினக் குடுக்காட்டி நாங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லுவோம்.”

சொன்னால் ஆபீஸ் கொடுக்கச் சொல்லும். கொழுந்து எடுக்க ஆள் வேண்டும் அவர்களுக்கு. மெஷின் மறுபடி கதவடிக்கு வரும். மறுபடி ஏதோ ஒரு பிள்ளையின் கண் மேலே செருகும். கலைச்செல்விக்கு அது படம் போலத் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. அந்தப் பையனையே சொல்ல வைக்கிறேன். சொல்லாட்டி மெஷின ஒன் கையிலயே தந்துர்றேன்.”

தவமணி ஒத்துக்கொண்டாள். ஆனால் கோபத்தில் பிள்ளையைக் காம்பராவுக்குக் கொண்டுவரவில்லை. இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் தூளி கட்டி மலையிலேயே போட்டுக்கொண்டாள்.

கலைச்செல்வி கடைக்குப் போனாள்.

“நானா, ஒங்க பேரக் கொஞ்சம் கடன் குடுங்க.”

“என்ன தங்கச்சி, எனக்குப் பொலிஸ் கேஸ் ஒண்டு எடுத்துத் தாறதுக்கா?” என்றார் அஸீஸ் நானா. ஆனாலும் கையைக் கழுவி, போனைத் துடைத்து நீட்டினார்.

ஞாயிறு சாயந்தரம் தாய்மார் எல்லோரும் கடைக்கு இறங்கி வந்தார்கள். சுமித்ராவும் வந்தாள், இடுப்பில் இளைத்துப்போன கவிஷ். தவமணி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி ஒதுங்கி நின்றாள். போனை அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்தார்கள். லைவ் தொடங்கியது. பையன் ஷாம்பு விற்றான், குடை விற்றான், கடைசியில் வெள்ளை மெஷினைக் கையில் எடுத்தான். கலைச்செல்வி சொல்லச் சொல்ல நானா சிங்களத்தில் தட்டினார்: நாங்கள் அஸீஸ் ஸ்டோர்ஸ், சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் சப்ளை செய்கிறோம், மொத்தமாக வேண்டும், எங்கள் நம்பர் இது.

“தோட்டத்துக்கெல்லாம் சப்ளையா? யா அல்லாஹ், இவ்வளவு பெரிய பொய்யா தங்கச்சி?”

“பொய் எங்க நானா? எங்களுக்குப் பருப்பு சப்ளை நீங்கதானே. தட்டுங்க.”

பையனின் முகம் மலர்ந்தது. “அஸீஸ் நானா, வாங்க வாங்க! என்ன தெரிய வேண்டும், கேளுங்க!”

பால் போத்தல் சூட்டுக்கும் இதைப் பிடிக்கலாமா என்று நானா தட்டினார்.

“பால் போத்தல் என்ன, குளிக்கிற தண்ணி, சுவர், எதுக்கும் பிடிக்கலாம். இது ஒரிஜினல்!”

கலைச்செல்வி திரும்பித் தவமணியைப் பார்த்தாள். தவமணி போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்படியானால் ஒரு சூடான டீக்குப் பிடித்துக் காட்டுங்கள், ஓடர் இப்போதே தருகிறோம், என்று போனது செய்தி.

பையன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். டீ வந்தது. ஆவி பறப்பது போனிலேயே தெரிந்தது. மெஷினைப் பிடித்து, கமெராப் பக்கம் திருப்பி, பெருமையாக வாசித்தான்: “முப்பத்தாறு புள்ளி ஆ…”

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது. இன்னொரு பெட்டியை உடைத்தான். முப்பத்தாறு ஐந்து. மூன்றாவதை உடைத்தான். ஐஸ் காட்டு, ஐஸ் காட்டு என்று யார் யாரோ எழுதத் தொடங்கினார்கள். பிரிட்ஜிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து பிடித்தான். முப்பத்தாறு ஆறு. கமெரா ஓடிக்கொண்டிருப்பதே அவனுக்கு மறந்துபோனது. உள்பக்கம் திரும்பிக் கத்தினான்: “அம்மே, தங்கச்சிட குழந்தைக்கு நேத்து எதுல காய்ச்சல் பாத்தீங்க?”

படம் அணைந்தது.

கடையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பிறகு யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். ‘நான் சொன்னேனே’ என்று சொல்ல வாயைத் திறந்த கலைச்செல்வி, தவமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தவமணியின் கை தோளில் கிடந்த பிள்ளையின் பிடரிக்குப் போயிருந்தது. அங்கேயே நின்றது.

“அக்கா… இவன் நேத்திலிருந்து தூங்கிக்கிட்டே இருக்கான். மலைக்காத்துக்குத் தூங்குறான்னு நெனச்சேன்.”

கலைச்செல்வி தொட்டுப் பார்த்தாள். கை குளிருது என்று தவமணி சொல்லவில்லை.

“நானா!”

அஸீஸ் நானா ஏற்கெனவே வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வார்டுல நிப்பாட்டினா நாளைக்கு ஒம் பேரு?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“பேர் கெடக்கட்டும்டி” என்று சொல்லிக்கொண்டே தவமணி வேனில் ஏறினாள். பிள்ளையின் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு கலைச்செல்வியும் ஏறினாள். வேன் வளைவு திரும்பி மறைந்தது.

அரிசி மூட்டை மேல் நானாவின் போன் விடாமல் அடித்தது. யாரும் கிட்டப் போகவில்லை. கடைசியில் சுமித்ரா கவிஷை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எடுத்தாள். அந்தப் பையன்தான். கடை நானாவைக் கேட்டான், மன்னிப்புக் கேட்டான், எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று அழுதான்.

சுமித்ரா முழுவதையும் கேட்டாள். பிறகு, அந்தத் தாய்மார் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், தெளிவான சிங்களத்தில் சொன்னாள்:

“அழுறத அப்புறம் வச்சுக்குங்க தம்பி. யார் யாருக்கு வித்தீங்களோ, அவங்க எல்லாருக்கும் இப்பவே கோல் எடுங்க. ராவாகிறதுக்கு முன்னாடி எடுங்க. புள்ள உள்ள வீடா பாத்து மொதல்ல எடுங்க.”