அக்கா அடித்த மணி

மேடைக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையைப் பித்தளை மணியின் மேல் வைத்தபடி பேச்சாளரை முறைத்துக்கொண்டிருக்கும் அக்காதான் முதலில் நினைவுக்கு வருகிறார். திருச்சியில் எங்கள் இயற்பியல் துறையின் அலுவலக உதவியாளர் அவர். தினமும் சமயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். விண்வெளி அறிவியல் கருத்தரங்கு நடந்தால், நேரம் முடிந்ததும் மணியடிப்பது அவர் பொறுப்பு. எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் பாதி வாக்கியத்தில் அடித்துவிடுவார். கேட்டால், "அவருக்கு வாய் வலிக்காது, எங்களுக்குச் சோறு ஆறிடும்" என்பார்.

பொதுமக்களுக்காக நான் தமிழில் ஆற்றும் உரைகளுக்கு அவர் வைத்த சட்டமே வேறு. உரைக்கு முதல் நாளே அவருக்குப் பேசிக்காட்ட வேண்டும்; புரியாத இடத்தில் மணி அடிக்கும். சுற்றுப்பாதை என்று வாயெடுப்பதற்குள் அடிப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முணுமுணுத்தபடியே மாற்றிச் சொல்வேன். அப்படி மாற்றியதுதான் ஊரில் எடுபட்டது என்பதை அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது நான் போகும் கருத்தரங்குகளில் நேரத்தைத் திரையில் ஓடும் எண்கள் காட்டுகின்றன. புரியவில்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்றுவிட்ட அக்காவை அங்கெல்லாம் தேடுகிறேன்.

அவர் வேலையில் இருந்தபோது ஒருமுறை, எங்கள் மாணவர்கள் செய்த சின்னஞ்சிறு செயற்கைக்கோள் மேலே போன மூன்றாம் நாளே ஊமையாகிவிட்டது. பேட்டரி குளிர் தாங்கவில்லை. கருத்தரங்கில் அதை 'மின்னமைப்பில் எதிர்பாராத கோளாறு' என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். யாரும் துருவிக் கேட்கவில்லை, கைதட்டினார்கள். கல்லூரியிலோ, பேட்டரியைப் பொருத்திய மாணவிதான் ஏதோ சொதப்பிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அது பொய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி அரங்கில் இதே கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம்போல் அக்கா முன்னால் ஒத்திகை. "குளிர்ச் சோதனை ஒன்று விடுபட்டுவிட்டது" என்றேன். மணி அடித்தது.

"இதுல என்னக்கா புரியலை?"

"யாரு விட்டதுன்னு புரியலை, மேடம்."

"நேரம் இல்லை, அதனால..."

மறுபடியும் அடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒத்திகையை முடிக்காமலே எழுந்து போய்விட்டேன். வீடு போய்ச் சேரும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் ஞாயிறு. பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே வந்தவர்களும், பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களுமாக அரங்கு நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் அக்கா, பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள். குளிர்ச் சோதனை வந்த இடத்தில் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"அந்தச் சோதனை வேண்டாம்னு சொன்னது நான்தாங்க. தேதி தள்ளிப்போயிடுமேன்னு பயந்தேன். பேட்டரி பொருத்தின பொண்ணு, செஞ்சு பார்த்துடலாம்னு ரெண்டு தடவை கேட்டா. அவ மேல ஒரு தப்பும் இல்லை."

காதெல்லாம் சூடாகிவிட்டது. அதன்பின் என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா அந்த அம்மாளை என்னிடம் அழைத்து வந்தார். "அந்தப் பொண்ணோட அம்மா, மேடம். நான்தான் வரச்சொன்னேன்."

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரமா காலேஜுக்கே போக மாட்டேங்குறா. இங்க சொன்னதை அவகிட்டயும் சொல்லிடுங்க."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா அந்த அம்மாளின் போனை வாங்கி, மகளின் எண்ணை அழுத்தி என் காதில் வைத்துவிட்டார்.

"சொல்லும்மா" என்றாள் மறுமுனையில் அந்த மாணவி.