மன்னார்க்காரனோடு மீன் பிடித்த வருடம்

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பு யாரும் மீன் பிடித்ததில்லை. மீன் வாங்குவோம். படலைக்கு வெளியே நின்று கூவுகிறவரிடம் வாங்குவோம். அவரை உள்ளே வரச் சொல்லமாட்டோம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்து, முப்பத்து நான்கு வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு மேலே இருந்த ஒரு நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றேன். பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக.

தூண்டில்கள் நான் வேலை செய்த வீட்டில் கிடைத்தவை. அந்த வீட்டு எசமானியை சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் பல் வைத்தியர். அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. சாமான் அறையை ஒழுங்குபடுத்தச் சொன்னபோது, மூலையில் இரண்டு தூண்டில் கம்புகளும் ரீல்களும் ஒரு பெட்டி நிறையப் போலி இரைகளும் கிடந்தன. மரத்தில் செய்து வண்ணம் பூசிய குட்டி மீன்கள், தொட்டால் நெளியும் ரப்பர் புழுக்கள். எறிந்துவிடவா என்று கேட்டேன்.

"எறி, இல்லாவிட்டால் எடுத்துக்கொள். அந்த மனிதர் முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விட்டுவிட்டு அந்த பாஸ் மீன்களிடம்தான் போனார்" என்றார் சிஞ்ஞோரா.

நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஐந்து பேர் நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என்னோடு ஒரே அறையில் படுத்தவன் மன்னார்க்காரன். என் வயதுதான், கத்தோலிக்கன். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை அவனுக்கு. எங்கள் ஐந்து பேரில் அவனிடம் மட்டும்தான் கார் இருந்தது. ஒரு கதவு திறக்காத சின்னக் கார். பத்து வயதிலிருந்து தகப்பனோடு கடலுக்குப் போனவன். ஊரில் யுத்தம் வந்து, கடலில் இறங்கத் தடை வந்து, வள்ளம் கரையில் கவிழ்த்தபடி கிடக்க, அவனை இங்கே அனுப்பிவிட்டார்கள்.

"மச்சான், காரை எடு. ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்று தூண்டில்களைக் காட்டினேன்.

"விசரே உனக்கு? மீன் நாத்தத்திலை இருந்து தப்பித்தான் நான் இஞ்சை வந்தனான்."

"நீ கார் ஓடினாக் காணும். மீன் நான் பிடிக்கிறன்."

"நீயோ?" என்றான். அதற்குப் பிறகு அவன் சிரித்த சிரிப்பில் மற்ற மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அது பெப்ரவரி. மீன் பிடிக்கிற லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். மலையில் குளிர் காதை அறுத்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் காருக்குள் இருந்து கசெற்றில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாவது ஞாயிறு கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கி வந்தான்.

"நீ தூண்டிலைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய். தண்ணியைப் பார். இந்தக் குளிருக்கு மீன் மேலை வருமோ? அடியிலை கிடக்கும். அதுக்கு ஓடித் திரியப் பஞ்சி. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் திண்ணும்."

என் கையிலிருந்த கம்பை வாங்கி, ரப்பர் புழு ஒன்றைக் கொளுவி, தூரத்தில் எறிந்து, அது அடிக்குப் போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு தங்கூசி நூலை விரலில் பிடித்தபடி, நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக இழுத்தான். அரை மணித்தியாலத்தில் மீன் வந்தது. சிஞ்ஞோரா சொன்ன பாஸ் அதுதான். அவனும் அப்படி ஒரு மீனைக் கண்டதில்லை. பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுத்த கோடு, கை முட்டி போகுமளவு வாய்.

"வாயைப் பாக்கத் தெரியுது, சரியான ஆசை பிடிச்சவன்" என்றான்.

சற்றுத் தள்ளி நின்ற சிசிலிக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். அவனுக்கு இத்தாலியன் வேலைக்கு வேண்டிய அளவுதான் தெரியும். என்னவாம் என்று கேட்டான்.

"தண்ணியிலை விடட்டாம். விளையாட்டுக்குத்தான் பிடிக்கிறவையாம்."

அவன் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினான். "எங்கட ஆக்கள் அங்கை கடலிலை கால் வைக்கேலாமல் கிடக்கினம். இவை பிடிச்சுப் பிடிச்சு விடுகினம்" என்றான். மீனை விடவில்லை. அன்று புளி விட்டுக் குழம்பு வைத்தோம். கொஞ்சம் சேற்று மணம் இருந்தது. ஐந்து பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறு காரை எடுக்கச் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வசந்தத்தில் பாஸ் மீன்கள் கரைக்கு வந்தன. தெளிந்த தண்ணீரில், முழங்கால் ஆழத்தில், பரல் கற்களைத் துடைத்தெடுத்ததுபோல வட்டமான இடங்கள் தெரியும். அவை கூடுகள். பெண் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன் அதற்கு மேலே நின்று காக்கும். எதை எறிந்தாலும் பாய்ந்து கடிக்கும். எனக்கு அது நல்ல வசதியாக இருந்தது. எறியக் கையை ஓங்கியபோது அவன் என் முழங்கையைப் பிடித்தான்.

"அது பசியிலை கடிக்கேல்லை. குஞ்சைக் காக்கிறதுக்குக் கடிக்குது. விடு."

அந்த வசந்தத்தில்தான் என் தங்கச்சி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு. ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அந்த வீட்டிலேயே தங்கல். ஞாயிறு மட்டும் விடுமுறை, அன்று என்னிடம் வருவாள். ஆண்கள் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அவளை இருத்திவிட்டுப் போக முடியாது. அதனால் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யாருமல்ல, நானேதான் கூட்டிக்கொண்டு போனேன்.

கோடையில் பலேர்மோவின் குழாய்களில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. வாளிகளில் பிடித்து வைத்து அதையே பங்கிட்டுக் குளித்தோம். மேலே போனால் காரணம் தெரியும். நீர்த்தேக்கம் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெடித்த சேறு. அணை கட்டும் முன்பு யாருடைய தோட்டத்துக்கோ எல்லையாக இருந்த ஒரு கல்மதில் தண்ணீருக்கு வெளியே வந்திருந்தது. வெயில் ஏறினால் மீன் கடிக்காது என்பதால் விடிய முன்பே புறப்படுவோம். அந்த நேரத்தில் மிதக்கும் இரையை எறிந்து, சின்னச் சின்னதாய் வெட்டி இழுத்தால், தண்ணீர் ஒரு இடத்தில் சட்டென்று உடையும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வாரம் முழுவதும் மற்றவர்களின் வீட்டைத் துடைத்தேன் என்று சொன்னால் பொய் இல்லை. அங்கே என்னை யாரும் கூப்பிட்டு வேலை சொல்லவில்லை.

தங்கச்சி பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். யூக்கலிப்டஸ் மரத்தடியில் இருப்பாள். அவன் அவளுக்குத் தூண்டில் முடிச்சுப் போடப் பழக்கினான். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரிப்பது கேட்கும். நான் மீனைத் தவறவிட்டதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஒரு கவலைதான் இருந்தது.

முதல் மழைக்குப் பிறகு பாஸ்கள் கூட்டமாகச் சேர்ந்து குட்டி மீன்களைத் துரத்தத் தொடங்கின. எங்கே எறிந்தாலும் கடித்த நாட்கள் அவை. கரையில் நின்ற சிசிலிக்காரர்கள் அவனைச் சுற்றி வருவார்கள். எந்த இரை, எவ்வளவு ஆழம் என்று கேட்பார்கள். அவன் சொல்வதை நான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் ஒருவர் என்னிடம், "உங்கள் இரண்டு பேரில் இவர்தான் மீன்காரர், இல்லையா?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். "ஓம், இவன்ரை பரம்பரையே அதுதான்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, அதையே தமிழில் அவனிடம் திருப்பிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

அதே மாதத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. பலேர்மோவிலிருந்து யாரோ அம்மாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். "நீ மீன் பிடிக்கப் போறாயாம். ஆரோடை போறாய் எண்டும் அறிஞ்சன். நீ ஆம்பிளை, என்னவும் செய். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திரியாதை" என்று இருந்தது. அதற்குப் பிறகு மழை, குளிர் என்று சாட்டுச் சொல்லி அவளை வரவேண்டாம் என்றேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததைக் கொண்டாவது நான் விளங்கியிருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. தண்ணீர் ஏறி மதிலை மூடியிருந்தது. எனக்கு ஒரு பெரிய மீன் வந்தது. அந்த வருடத்திலேயே பெரியது. நான் தொடைவரை நனைந்து அதைக் கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றபோது அவன் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், உன்னோடை ஒரு விசயம் கதைக்க வேணும்."

"சொல்லு."

"உன்ரை தங்கச்சியை நான் கட்டப் போறன். அவவுக்கும் விருப்பம். நீ அம்மாவுக்கு எழுதினாயெண்டால்..."

"அவளுக்கு விருப்பமோ? ஆர் சொன்னது?"

"அவதான் சொன்னவ. நீதான் முதலிலை அறிய வேணுமெண்டு நான் கேக்கிறன்."

நான் முதலில் சமயத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ வேதக்காரன், நாங்கள் சைவம், சரிவராது என்றேன். அவன், கோயிலுக்கு அவள் விரும்பியபடி போகட்டும், எனக்கு அதில் ஒன்றுமில்லை என்றான். எனக்கு வேறு சாட்டு இருக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"உங்கட ஆக்கள் எங்கட கிணத்தடிக்கே வாறேல்லை. பொம்பிளை கேக்க வந்திட்டியோ?"

சொன்னபோதும் அந்த மீன் என் கையில்தான் இருந்தது.

அவன் கோபப்படவில்லை. என் முகத்தையும் மீனையும் பார்த்தான். "ஒரு வருசமா மச்சான் மச்சான் எண்டு கூப்பிட்டனி. அதுக்கு என்ன அர்த்தமெண்டு நினைச்சுக் கூப்பிட்டனி?" என்று கேட்டான். பிறகு தன் தங்கூசியைச் சுற்றி, கம்பைக் கழற்றி, துணியால் துடைத்து, என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஏறு. கொண்டுபோய் விடுறன்."

ஒரு மணித்தியால ஓட்டம். வளைவுகளில் ஹோர்ன் அடித்ததைத் தவிர காருக்குள் வேறு சத்தம் இல்லை. என்னை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவன் அப்படிச் செய்திருந்தால் எனக்கு அவனை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மறுநாள் வேலை முடிந்ததும் தங்கச்சி இருந்த வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் நின்றே கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அண்ணா, நீங்கள் இஞ்சை என்ன வேலை செய்யிறியள்?"

"உனக்குத் தெரியாதே?"

"கக்கூஸ் கழுவுறியள். நானும் ஒரு கிழவிக்கு மலம் அள்ளுறன். அம்மாவுக்கு அதை எழுதினனீங்களே?"

நான் திரும்பி வந்தேன். அம்மாவுக்கு அன்றே வேறு கடிதம் எழுதினேன், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாருங்கள் என்று. கனடாவில் இருந்த மாமாவுக்கும் எழுதினேன். வீட்டில் மற்ற மூன்று பேரும் என் பக்கம் நின்றார்கள். சட்டியைச் சேர்ந்து வழித்த அதே மூன்று பேர். மன்னார்க்காரனோடு யாரும் ஒரே மேசையில் இருக்காமல் விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் காரை விற்றுவிட்டு, துறைமுகத்தில், வடக்கே ஜெனோவா நகருக்குப் போகும் கப்பலில் ஏறினான். தங்கச்சிக்கு அந்த வீட்டில் விடுப்புக் கொடுக்கவில்லை. அவளால் வழியனுப்பப் போக முடியவில்லை. நான் வேலைக்குப் போகும் வழியில் கப்பலைக் கண்டேன். நிற்கவில்லை.

தை மாதம் ஜெனோவாவிலிருந்து ஒரு கடிதம் எங்கள் முகவரிக்கு வந்தது. தங்கச்சியின் பெயர் எழுதியிருந்தது. வேலை செய்யும் வீட்டுக்கு அவளுக்குக் கடிதம் வருவதை அந்தக் கிழவியின் மகள் விரும்பமாட்டாள். அது அவனுக்கும் தெரியும். நான் கொடுப்பேன் என்று நம்பித்தான் அவன் எழுதியிருக்க வேண்டும். ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிரித்து வாசிக்கவில்லை. அது ஏதோ பெரிய நேர்மை மாதிரி எனக்குப் பட்டது. பிறகு கிழித்து, நான் வேலை செய்யும் வீட்டின் குப்பைத் தொட்டியில் போட்டேன். இன்னொரு கடிதம் வரவில்லை.

அந்த வசந்தத்தில் பஸ்ஸில் தனியே நீர்த்தேக்கத்துக்குப் போனேன். சிசிலிக்காரர்கள் உன் நண்பன் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். கைக்கு வந்த மீன்களைத் தண்ணீரில் விட்டேன். சமைக்க மனமில்லை. விடுவதற்காகத்தான் பிடிக்கிறோம் என்று அவர்களைப்போலச் சொல்லிக்கொண்டேன். மூன்று நான்கு ஞாயிறுகளோடு அதுவும் நின்றது.

தங்கச்சி இரண்டு வருடம் கல்யாணத்துக்கு மறுத்தாள். பிறகு மாமா பார்த்த மாப்பிள்ளைக்குச் சம்மதித்தாள். நல்ல குடும்பம், நல்ல ஆட்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கனடாவுக்குப் போகும் நாள், விமான நிலையத்தில், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, ஜெனோவாவிலை இருந்து எனக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லை."

"வந்திருந்தாத் தந்திருப்பியள்தானே?"

"ஓம்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். தீபாவளிக்கும் அம்மாவின் திவசத்துக்கும் இன்றும் எனக்குப் போன் எடுப்பாள். சுகமோ என்பாள், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பாள், வைக்கிறேன் என்பாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவள் மறுபடி கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.