காட்டுக்குள் பெயர் சொல்லக்கூடாது

ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாரி கழுவும் கடை ஒன்று இருக்கிறது. காலையில் தண்ணீரைத் தகரத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். முதலில் சீறல், அப்புறம் உறுமல், அப்புறம் காதே அதற்குள் முழுகிவிடும். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். ஈரப் பாறை, மிதிபட்ட இலை, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்த்த புகையிலை, எல்லாம் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே வந்துவிடும்.

அப்போது எனக்கு எட்டு வயது. கோப்பெங் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தாள். தினமும் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிற ஃபெக்டரி வேலை அவளுக்கு. மாமா அதை நிறுத்திவிட்டார். மாமா என்றால் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். அவர் பேச்சுதான் பேச்சு. தன் கூட்டாளி ஒருவருக்குச் சின்னம்மாவைப் பேசி, சுங்காயில் அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து சின்னம்மா வாயைத் திறக்கவில்லை.

மாமா கெட்டவரில்லை. தங்கச்சி பேசாததால் அவருக்கே சோறு இறங்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னால எங்கயாச்சும் போலாம்லா. கடலுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"பெரிய அருவிக்கு," என்றாள் சின்னம்மா.

அவள் பேசிவிட்டாள் என்பதிலேயே வீடு குளிர்ந்துபோனது. அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காட்டைக் காக்கும் சாமியான டத்தோவுக்கு மஞ்சள் பூசிய கோயில் ஒன்று, நாய்க்கூடு அளவுக்கு. மாமா வேனை நிறுத்தி, வெற்றிலையும் சிகரெட்டும் வைத்துக் கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"உள்ள போய்ட்டா யாரும் யார் பேரையும் சொல்லக்கூடாது. சொன்னா காட்டுல இருக்கிறது கேட்டு வச்சுக்கும். அப்புறம் தெரிஞ்ச ஆளு மாதிரியே வந்து நிக்கும், கூட்டிட்டுப் போயிடும். பின்னால யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க."

"உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போனா, மறுநாளே கொண்டாந்து விட்டுரும்," என்றார் அப்பா என் காதில்.

மூங்கிலும் சேறுமாக ஏறினோம். ஓடையைத் தாண்டினோம், இன்னொரு முறை தாண்டினோம். நான் அட்டையைப் பிய்த்து எறிந்துகொண்டே நடந்தேன். சின்னம்மா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அப்பா தூக்க வந்தபோது அம்மா விடவில்லை. "அவளே தூக்கட்டும், மாப்பிள்ளை வீட்டுல தூக்கப் பழகணும்ல."

அருவி முதலில் காலுக்குத்தான் தெரிந்தது. தரை நடுங்கியது. மரங்கள் விலகியதும் தலையைத் தூக்கினேன், தூக்கிக்கொண்டே போனேன், கழுத்து வலித்தது. உச்சி மேகத்தில் இருந்தது. அங்கிருந்து தண்ணீராகப் புறப்பட்டது, பாதி வழியில் புகையாகி, கீழே வந்து மறுபடி தண்ணீராக விழுந்தது. பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. மாமாவும் அப்பாவும் தூண்டிலோடு கீழ்ப்பக்க மடுவுக்குப் போனார்கள்.

ஒன்றுக்கு வந்தது. அம்மாவைத் தேடிப் பாறைக்குப் பின்னால் போனேன். அம்மாவும் சின்னம்மாவும் மூங்கில் ஓரத்தில் நின்றிருந்தார்கள். சாப்பாட்டுப் பையிலிருந்து அம்மா சேலைகளை எடுத்து, மடித்து, திரும்ப உள்ளே வைத்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம், சின்னம்மாவின் ஃபெக்டரி பஸ்ஸை ஓட்டும் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முழங்கால்வரை ஈரம்.

மாமா சொன்னதுதான். தெரிந்த ஆள் மாதிரியே வந்து நிற்கிறது. அதன் எதிரில் அம்மா சின்னம்மாவின் பெயரைச் சொன்னாள். அந்த இரைச்சலில் கிசுகிசுக்க முடியாதே, கத்தித்தான் சொன்னாள். சின்னம்மா ஓடையைத் தாண்டினாள்.

மாமா திரும்பி வந்தபோது பாறை வெறுமையாக இருந்தது. "தங்கச்சி!" என்று கத்தினார். "ஓய்" என்றார், "பாப்பா" என்றார். சின்ன வயதில் கூப்பிட்டதெல்லாம் வந்தது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பிறகு சட்டையோடு மடுவில் இறங்கினார். நீந்தத் தெரியாதவர். மார்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் துழாவிக்கொண்டு அழுதார்.

அம்மா கரைக்கு ஓடிப்போய் அவர் காதில் கத்தினாள். "தண்ணில இல்லண்ணே. மேல வா."

மாமா துழாவுவதை நிறுத்தினார். அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏறி வந்து சட்டையைப் பிழிந்தார்.

வேனில் ஏறினோம். "யாரையாச்சும் பாத்தியா?" என்று அப்பா என்னைக் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அம்மா சின்னம்மாவின் பெயரைச் சொன்னதால்தான் காடு அவளைக் கொண்டுபோய்விட்டது. அது மாமாவுக்குத் தெரிந்தால் அம்மாவை அடிப்பார் என்று நினைத்தேன். காடு கொண்டுபோகிற ஆளுக்கு எதற்கு மாற்றுச்சேலை என்று நினைக்கத் தோன்றவில்லை. காட்டுச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் மாமா. முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சின்னம்மா வாசலில் வந்து நிற்கும்வரை எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

எத்தனையோ இடமிருக்க, அருவியை ஏன் கேட்டாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் பலகை வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அக்காவும் தங்கையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள அவ்வளவு பெரிய சத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

லாரிக்காரர் தண்ணீரை நிறுத்துகிறார். காது திடீரென்று திறந்துகொள்கிறது. அம்மா சின்னம்மாவின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அருவிச் சத்தத்துக்கு மேலாகக் கத்துகிறாள்:

"வசந்தி, பின்னால யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத."