ஒலிபெருக்கி சொன்ன பெயர்

ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் அழைத்தது: "இசக்கியம்மாள், ரூம் நம்பர் த்ரீ."

குலசேகரம் பள்ளியில் முதல்நாள் ஆங்கில ஆசிரியை என் பெயரை வாசித்து முகம் சுளித்தார். "இங்கிலீஷ்ல இது நல்லாருக்காது. நீ ரோஸ்." அன்றிலிருந்து பள்ளியில் எல்லோருக்கும் நான் ரோஸ்தான்.

ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த அம்மாவிடம் அழுதேன். "நீயாவது பேரச் சொல்லிக் கூப்பிடும்மா."

எனக்கு முன் பிறந்த இருவரைப் பறிகொடுத்தபின், இசக்கியம்மனுக்கு நேர்ந்து அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். விரலில் காய்ந்த ரப்பரை உரித்தபடியே சொன்னாள்: "அம்மன் பேருல்லா மக்களே. வாய் தவறி அதச் சொல்லி ஏசிட்டா குத்தமாயிரும். எனக்கு நீ ஏட்டிதான்."

சாகும்வரை அவள் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை.

ஒலிபெருக்கி மறுபடியும் அழைத்தது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிடட்டும்.